இருமல் போகவே மாட்டேங்குதா? பிராங்கைட்டிஸான்னு இப்படி கவனிங்க

மொதல்ல சாதாரண ஜலதோஷம் மாதிரிதான் வரும், மூக்கு ஒழுகும், தொண்டை கரகரங்கும், உடம்பு அடிச்சுப்போட்ட மாதிரி இருக்கும். நாலஞ்சு நாள்ல மூக்கு சரியாயிடும், ஆனா இருமல் மட்டும் நெஞ்சுக்கு இறங்கிடும். நுரையீரலுக்கு காத்து போற குழாய் உள்பக்கம் வீங்கி சளி கட்டிக்குது, அதுதான் பிராங்கைட்டிஸ். வறட்டு இருமல்ல ஆரம்பிச்சு அப்புறம் சளியோட வரும், ராத்திரி படுத்தா ஜாஸ்தியாகும், இருமி இருமி விலாவே வலிக்கும், சிலருக்கு மூச்சு விடறப்ப விசில் சத்தம் கேக்கும். ஜுரம் வந்தாலும் லேசாதான் இருக்கும்.

சளி மஞ்சளா பச்சையா வந்துட்டா உடனே மெடிக்கல்ல போய் ஆன்டிபயாட்டிக் வாங்குறாங்க பாருங்க, அது வேண்டாம். வெள்ளை அணுக்கள் சண்டை போட்டாலே அந்த கலர் வரும், வைரஸா இருந்தாலும் வரும். பிராங்கைட்டிஸ் பெரும்பாலும் வைரஸ்தான், அந்த மாத்திரை அதுகிட்ட வேலை செய்யாது.

கலரை விட்டுட்டு மூச்சை எண்ணுங்க. ஆளு சும்மா உக்காந்திருக்கறப்ப, எண்ணுறோம்னு சொல்லாம (சொன்னா மூச்சு மாறிடும்), முழுசா 1 நிமிஷம் நெஞ்சு எத்தனை தடவை ஏறி இறங்குதுன்னு பாருங்க. பெரியவங்களுக்கு 12லருந்து 20 வரை ஓகே. 24ஐ தாண்டுனாலோ, 100.4 டிகிரிக்கு மேல ஜுரம், குளிர் நடுக்கம், மூச்சை இழுத்தா ஒரு பக்கமா குத்துறதுன்னு வந்தாலோ நிமோனியாவா இருக்கலாம், அன்னைக்கே டாக்டர்கிட்ட போயிடுங்க. 1லருந்து 5 வயசு குழந்தைக்கு 40, ஒரு வயசுக்குள்ள 50, ரெண்டு மாசம்கூட ஆகாத குழந்தைக்கு 60, அவ்வளவு வந்தாலே கூட்டிட்டு போங்க. வயசானவங்களுக்கு ஜுரமே இல்லாமலும் நிமோனியா வரும், திடீர்னு பேச்சு குழம்புனா அதையும் கவனிங்க.

இருமல் ரெண்டு மூணு வாரம் இழுக்கறது சகஜம்தான், ஆனா நம்ம நாட்டுல டிபி இருக்கறதால 2 வாரம் ஆச்சுன்னா சளி டெஸ்ட் பண்ணிடணும், கவர்மென்ட் ஆஸ்பத்திரியில ஃப்ரீதான். சளியில ரத்தம், எடை குறையறது, சாயங்காலம் சாயங்காலம் ஜுரம்னா அந்த 2 வாரமும் காத்திருக்க வேண்டாம்.

வருஷத்துக்கு 3 மாசம் சளி இருமல், அதுவும் 2 வருஷம் தொடர்ந்துன்னா அது நாள்பட்ட பிராங்கைட்டிஸ். பீடி சிகரெட் பிடிக்கிறவங்க, விறகு அடுப்புலயே சமைச்ச அம்மா பாட்டிங்க எல்லாம் "இது எப்பவும் இருக்கறதுதான்"னு விட்டுடுவாங்க, நீங்க விடாதீங்க. இன்னொன்னு, எனலாப்ரில், ராமிப்ரில் மாதிரி பிபி மாத்திரையாலயும் வறட்டு இருமல் வரும், அதனால டாக்டர்கிட்ட போறப்ப மாத்திரை அட்டையையும் எடுத்துட்டு போங்க.