சொக்லேட் வாஃபிள்: நிறத்தை நம்பாமல் ஆவியைப் பார்த்துச் சுடுங்கள்

சாதாரண வாஃபிள் பொன்னிறமானால் வெந்துவிட்டது என்று தெரிந்துவிடும். கொக்கோ சேர்ந்த கலவையோ ஊற்றும்போதே கறுப்பு. பார்த்து எதையும் சொல்ல முடியாது. புதிதாகச் சுடுபவர்கள் இடறுவது பெரும்பாலும் இங்கேதான். இனிப்புக்காகக் கலவைக்குள் சீனியை அள்ளிப் போடுவது அடுத்த பிழை. சீனி கூடினால் தட்டில் ஒட்டும், உள்ளே வேகுமுன் வெளியே கருகும். இனிப்பை மேலே ஊற்றும் சோஸுக்கு விட்டுவிடுங்கள்.

வாஃபிள் சுடும் மெஷின் கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவந்ததா? முதலில் அடியிலுள்ள லேபிளைப் பாருங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே இலங்கையில் 230. பிளக்கின் வடிவத்தை மட்டும் மாற்றும் அடப்டரில் போட்டால் எரிந்துவிடும். அதற்கு ஏற்ற ட்ரான்ஸ்ஃபோர்மர் வாங்குவதைவிட, கொழும்பிலேயே ஒரு மெஷின் வாங்குவது புத்திசாலித்தனம்.

தேவையானவை (4 அல்லது 5 வாஃபிளுக்கு)

கோதுமை மா 150 கிராம், கோர்ன் ஃபிளவர் 30 கிராம், கொக்கோ தூள் 35 கிராம், சீனி 60 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, முட்டை 2, பால் 280 மி.லீ., உருக்கிய பட்டர் 80 கிராம், வனிலா 1 தேக்கரண்டி.

பாலில் கரைத்துக் குடிக்கும் சொக்லேட் பானத் தூள் கொக்கோ ஆகாது. அதில் சீனிதான் அதிகம். பால் இல்லையென்றால் 35 கிராம் பால்மாவை இளஞ்சூட்டு நீரில் கரைத்து 280 மி.லீ. ஆக்குங்கள். திறந்து வைத்த பேக்கிங் பவுடர் கொழும்பின் ஈரக்காற்றில் சீக்கிரம் வலுவிழக்கும். அரைத் தேக்கரண்டியைச் சுடுநீரில் போட்டுப் பாருங்கள். நன்றாக நுரைக்காவிட்டால் புதிது வாங்குங்கள்.

செய்முறை

1. பாலையும் முட்டையையும் அரை மணி நேரம் முன்பே ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுங்கள். குளிர்ந்த பாலில் உருக்கிய பட்டரை ஊற்றினால் கட்டி கட்டியாக உறையும்.

2. மா, கோர்ன் ஃபிளவர், கொக்கோ, பேக்கிங் பவுடர், உப்பு எல்லாவற்றையும் அரிதட்டில் அரியுங்கள். கொக்கோ கட்டிகள் பிறகு எவ்வளவு கலக்கினாலும் கரையாது. மொறுமொறுப்பைத் தருவது கோர்ன் ஃபிளவர், ஆகவே அதைத் தவிர்க்க வேண்டாம்.

3. மஞ்சள் கருவோடு சீனி, பால், வனிலா, பட்டர் சேர்த்து அடித்து, மாவில் ஊற்றிக் கலக்குங்கள். உலர்ந்த மா மறைந்ததும் நிறுத்துங்கள். சிறு கட்டிகள் இருக்கட்டும். அவை போகும்வரை அடித்தால் வாஃபிள் ரப்பர் மாதிரி இழுபடும்.

4. வெள்ளைக் கருவை எண்ணெய்ப் பசையில்லாத பாத்திரத்தில் நுரைக்க அடியுங்கள். பீட்டரைத் தூக்கும்போது நுனி வளைந்து நின்றால் போதும். மஞ்சள் கரு ஒரு துளி விழுந்தாலும் சரியாக நுரைக்காது. நுரையைக் கலவையில் இட்டு, அகப்பையால் அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள்.

5. மெஷினின் தயார் விளக்கு வந்த பிறகும் இரண்டு நிமிடம் சூடாக விடுங்கள். தட்டில் மெல்லியதாக எண்ணெய் பூசி, முக்கால் பங்கு நிரம்ப ஊற்றி மூடுங்கள். இனி ஆவியைத்தான் கவனிக்க வேண்டும். பக்கங்களிலிருந்து முதலில் புகைபோல வரும். பிறகு குறைந்து, கிட்டத்தட்ட நின்றுவிடும். அதற்குப் பெரும்பாலும் 4 முதல் 6 நிமிடம். மூடியைத் தூக்கும்போது இழுத்துப் பிடித்தால் பலவந்தம் செய்யாதீர்கள்: வேகாத வாஃபிள் இரண்டாகப் பிளந்துவிடும். இன்னொரு நிமிடம் விடுங்கள். எடுப்பதற்கு மரக்கரண்டிதான், முள்ளுக்கரண்டி தட்டின் பூச்சைச் சுரண்டிவிடும்.

சுட்டதைப் பீங்கான் தட்டில் வைத்தால் அதன் ஆவியே அதை நனைத்துச் சொதசொதவென்று ஆக்கும். கம்பித் தட்டு இல்லையா, பின்னிய இடியப்பத் தட்டில் வையுங்கள், காற்று அடியிலும் போகும். ஒன்றன்மேல் ஒன்று அடுக்க வேண்டாம்.

சோஸுக்கு 100 கிராம் டார்க் சொக்லேட்டைப் பொடியாக நறுக்குங்கள். 100 மி.லீ. கிறீமை ஓரத்தில் குமிழி வரும்வரை சூடாக்கி அதன்மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் கழித்து நடுவிலிருந்து கலக்குங்கள். கிறீமுக்குப் பதில் தேங்காயின் கெட்டியான முதற்பாலும் பொருந்தும். கொதிக்க விட்டால் மட்டும் திரைந்துவிடும். சோஸில் எண்ணெய் பிரிந்தால் ஒரு மேசைக்கரண்டி சூடான பால் விட்டு வேகமாக அடியுங்கள், சேர்ந்துவிடும். கூடவே புளிப்புள்ள கதலி வாழைப்பழத் துண்டுகள். கித்துள் பாணியும் நல்லதுதான், ஆனால் சோஸோடு சேர்த்தால் திகட்டும். இரண்டில் ஒன்று போதும்.

மிஞ்சியதை நன்றாக ஆறவிட்டு ஃபிரீசரில் வைத்து, வேண்டும்போது நேராக டோஸ்டரில் போடுங்கள். மைக்ரோவேவில் சூடாக்கினால் மொறுமொறுப்பு போய்விடும்.