மலைமேல் குக்கரை ஆட்டோகிளேவாக்குவது: வளர்ப்பு ஊடகத்துக்கு ஒரு செய்முறை

பாக்டீரியா வளர்க்க விரும்பும் புதியவர்களை முதலில் மிரட்டுவது ஆட்டோகிளேவின், அதாவது அழுத்தமேற்றிய நீராவியால் கிருமி நீக்கும் கலனின், விலை. பள்ளி ஆய்வகத்துக்கோ, உயிர் உரம் உண்மையில் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க நினைக்கும் தேயிலைத் தோட்டக்காரருக்கோ அது தேவையே இல்லை. ஏழரை லிட்டர் பிரஷர் குக்கர் போதும். இரண்டும் ஒரே வம்சம்தான்: டெனி பாப்பன் 1679இல் செய்த நீராவிக் கலனின் வழியில் வந்ததுதான், பாஸ்டரின் உதவியாளர் சாம்பர்லாண்ட் 1879இல் உருவாக்கிய ஆட்டோகிளேவும்.

ஆனால் உதகையிலோ கோத்தகிரியிலோ அமர்ந்து இதைச் செய்கிறீர்கள் என்றால், பாடப்புத்தகத்தின் கணக்கை அப்படியே நம்பக் கூடாது. சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம், 121 டிகிரி, 15 நிமிடம் என்பது கடல்மட்டத்துக்கு எழுதிய கணக்கு. குக்கரின் வெயிட், உள்ளழுத்தம் வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்பதை மட்டுமே பார்த்துத் தூக்கிக்கொள்ளும். உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வெளிக்காற்றே மெலிந்தது. அதனால் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது; விசில் அடிக்கும் குக்கருக்குள் வெப்பம் ஏறத்தாழ 117 டிகிரியில் நின்றுவிடுகிறது. மேட்டுப்பாளையத்தில் வெந்த கொண்டைக்கடலை இங்கே அதே விசிலுக்கு ஏன் வேகவில்லை என்பதற்கும் இதுவே காரணம்.

நான்கு டிகிரிதானே என்று விட்டுவிட முடியாது. பாக்டீரியாவின் ஸ்போர்கள், அதாவது வெப்பத்தைத் தாங்கி உறங்கும் வித்துகள், 10 டிகிரி குறைந்தால் சாவதற்குப் பத்து மடங்கு நேரம் எடுத்துக்கொள்கின்றன. 4 டிகிரி குறைவுக்கு இரண்டரை மடங்கு. 15 நிமிடம் 38 நிமிடமாகிறது. உதகையில் 45 நிமிடம், குன்னூரில் 40 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெப்பத்தைக் கூட்டலாம் என்று வெயிட்டின் மேல் கல்லையோ நட்டையோ ஏற்றி வைக்க வேண்டாம். குக்கர் வெடிக்கக் கூடும். நேரத்தைக் கூட்டுவதே வழி.

இனி வேலையைத் தொடங்கலாம்.

முதலில் ஊடகம், அதாவது பாக்டீரியா வளரத் தேவையான சத்துக் கலவை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு பெப்டோன் (செரித்த புரதப் பொடி) 5 கிராம், மாட்டிறைச்சிச் சாறு 3 கிராம், உப்பு 5 கிராம், அகார் (கலவையை உறையவைக்கும் கடற்பாசிப் பொடி) 15 கிராம். கடையில் கலந்தே விற்கும் பொடி என்றால் புட்டியின் மேல் எழுதியிருக்கும் அளவு. அடுப்பில் வைத்துக் கிளறி, அகார் கண்ணாடிபோலத் தெளியும்வரை கொதிக்கவிடுங்கள். அகார் 85 டிகிரிக்கு மேல் உருகிவிடும் என்பதால் மலையின் கொதிநிலை இதற்குப் போதும். குளூக்கோஸ் சேர்ப்பதாக இருந்தால் அதைத் தனிக் குடுவையில் கரைத்து, குக்கரில் தனியாகவே வைத்தெடுத்து, ஆறிய பிறகு கலக்கவும். நீண்ட நேர வெப்பத்தில் சர்க்கரையும் பெப்டோனும் சேர்ந்து பழுப்பேறும். இங்கே நாம் நேரத்தைக் கூட்டியிருப்பதால் அது இன்னும் மோசமாகும்.

கூம்புக் குடுவையில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். ஒரு குடுவைக்கு 250 மில்லியைத் தாண்டினால் நடுப்பகுதி சூடேறத் தாமதமாகும். வாயை உறிஞ்சாத பஞ்சால் இறுக்கமாக அடைத்து, மேலே பழுப்புத் தாளோ அலுமினியத் தாளோ சுற்றி நூலால் கட்டுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் உறிஞ்சும் பஞ்சு நனைந்துவிடும். நனைந்த பஞ்சின் வழியே கிருமி உள்ளே போகும்.

குக்கரில் ஒரு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் ஊற்றி, துளையுள்ள தட்டை வைத்து, அதன் மேல் குடுவைகளை நெருக்கியடிக்காமல் அடுக்குங்கள். முக்கால் மணி நேரம் கொதிக்க வேண்டும் என்பதை மறந்து சமையல் அளவுக்குத் தண்ணீர் ஊற்றினால் அடிப்பிடித்துவிடும்.

மூடியைப் போடுங்கள், வெயிட்டைப் போடாதீர்கள். பலரும் தவறவிடும் கட்டம் இது. உள்ளே காற்று மிச்சமிருந்தால், அழுத்தம் சரியாக இருந்தாலும் வெப்பம் ஏறாது. விசில் மட்டும் அடிக்கும். துளை வழியே ஆவி இடைவிடாமல் சீறத் தொடங்கியபின் பத்து நிமிடம் விட்டு, பிறகு வெயிட்டைப் போடுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, அங்கிருந்து கடிகாரத்தைப் பாருங்கள். விசில் எண்ணுவது பருப்புக்கு. இங்கே நிமிடம்தான் கணக்கு. வெயிட் அவ்வப்போது அசைந்துகொண்டே இருக்க வேண்டும்.

நேரம் முடிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு விலகி நில்லுங்கள். வெயிட்டைத் தூக்கி ஆவியை விடுவதும் மூடிமேல் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது. அழுத்தம் திடீரென இறங்கினால் குடுவைக்குள் ஊடகம் பொங்கிப் பஞ்சை நனைக்கும். சன்னலோரக் குளிர்காற்றில் குக்கரை வைப்பதும் கூடாது. சூடான கண்ணாடி விரிசல் விடும்.

உண்மையில் போதிய வெப்பம் வந்ததா? இதைச் சோதிக்கச் சிலர் 122 டிகிரியில் உருகும் பென்சாயிக் அமிலத்தை மெல்லிய கண்ணாடி நுண்குழாயில் அடைத்து உள்ளே வைப்பார்கள். உதகையில் அது ஒருநாளும் உருகாது, குக்கரில் குறை இல்லாவிட்டாலும். கல்லூரி வேதியியல் வகுப்பில் மாணவர்கள் தயாரிக்கும் அசிட்டனிலைடு 114 டிகிரியில் உருகும். இங்கே அதுதான் ஏற்றது. உருகினால் வெப்பம் வந்தது என்று பொருள், போதிய நேரம் நின்றது என்று பொருள் அல்ல.

ஊடகம் 50 டிகிரிக்கு ஆறியதும், அதாவது குடுவையைக் கையில் பிடிக்க முடிகிற சூட்டில், ஸ்பிரிட் விளக்கின் அருகே பெட்ரி தட்டுகளில் (மூடியுள்ள ஆழமில்லாத வட்டத் தட்டுகள்) ஊற்றுங்கள். மலையில் அகார் சட்டென்று உறைந்துவிடும் என்பதால் குடுவையை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்திவைத்தபடி ஊற்றுவது நல்லது. மழைக்காலத்தில் கதவுகளைச் சாத்தியே செய்யுங்கள். நீலகிரியின் ஜூலை மாதத்தில் பூஞ்சை வித்துக்குப் பஞ்சமில்லை.

ஊற்றிய தட்டுகளில் இரண்டை எதையும் இடாமல் 30 முதல் 37 டிகிரியில் இரண்டு நாள் வையுங்கள். ஒன்றும் முளைக்காவிட்டால் மற்றவற்றைப் பயன்படுத்தலாம். உதகையின் குளிர்ந்த அலமாரியில் வைத்து, தட்டு சுத்தமாக இருக்கிறதென்று மகிழ்வதில் பயனில்லை. அந்தக் குளிரில் தப்பிப் பிழைத்த கிருமியும் சும்மாதான் இருக்கும்.

குக்கரே இல்லாதவர்களுக்கும், குக்கரின் கூடுதல் வெப்பத்தைத் தாங்காத பால், ஜெலட்டின் ஊடகங்களுக்கும் இன்னொரு வழி உண்டு: இயற்பியலாளர் ஜான் டிண்டால் 1877இல் சொன்ன மூன்று நாள் முறை. இட்லிப் பாத்திரத்தில் நாளுக்கு 30 நிமிடம் ஆவியில் வைக்க வேண்டும். முதல் நாள் வெப்பத்தில் தப்பிய வித்துகள் இரவில் முளைக்கும், முளைத்தவை மறுநாள் சாகும். 93 டிகிரி ஆவியே முளைத்தவற்றைக் கொல்லப் போதும். சிக்கல் இரவில்தான். உதகைக் குளிரில் வித்து முளைக்காது. முளைக்காததை மூன்றாம் நாள் ஆவியும் கொல்லாது. தெர்மோகோல் பெட்டியில் சுடுநீர் பாட்டில்களோடு குடுவையை வைத்து, உள்ளே ஒரு வெப்பமானி போட்டு 30 டிகிரிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீருக்கும் உப்புக் கரைசலுக்கும் இந்த முறை உதவாது. சத்து இருந்தால்தான் வித்து முளைக்கும்.

மைக்ரோவேவ் அடுப்பு அகாரை உருக்க அருமையானது. கிருமி நீக்கத்துக்கு நான் நம்ப மாட்டேன். ஒரே தட்டிலேயே சூடு ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் குறையும்.

வேலை முடிந்த தட்டுகளைத் திறக்காமல் அதே குக்கரில், ஒரு மணி நேரம் வைத்த பிறகே குப்பையில் போடுங்கள். கண்ணாடித் தட்டுகளையும் அப்படி வேகவைத்த பிறகே கழுவ வேண்டும். அந்தக் குக்கரின் மூடியிலும் உடலிலும் சிவப்பு வண்ணத்தில் பெரிதாகக் குறியிடுங்கள். அது இனிமேல் சமையலறைக்குத் திரும்பக் கூடாது.