தனி ஆளாகப் புதர் மண்டிய தோட்டத்தை மீட்க

கோத்தகிரியிலிருந்து அரவேணு பக்கம் இறங்கும் சரிவில் எங்களுக்கு 15 சென்ட் காய்கறித் தோட்டம். படிப்படியாகக் கீழே போகும். வீட்டுக்காரர் தவறிய பிறகு அங்கே யாரும் கை வைக்கவில்லை. மேல் படியில் கிக்குயு புல் மெத்தையாக மண்டிவிட்டது, கீழே ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி (லன்டானா). பிள்ளைகள் கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். இப்படித் தனியாக இறங்குகிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

வாரத்தில் இரண்டு காலைப்பொழுதில் எவ்வளவு இடத்துக்குக் களை எடுக்க முடியுமோ, அதுதான் இந்த வருஷம் உங்கள் தோட்டம். பெரும்பாலானவர்களுக்கு அது ஒரு படி, சிலருக்கு அரைப் படி. மீதி கிடக்கட்டும். பூத்து விதை விழுவதற்குள் அரிவாளால் தலையைச் சீவிவிட்டால் போதும்.

உடம்புக்கு முடியாது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. சரிவு முழுவதையும் ஒரே மூச்சில் சுத்தம் செய்துவிட்டால், ஐப்பசி மழையில் மேல்மண் ஓடைக்குப் போய்விடும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது, நீலகிரி மாவட்டம் முழுக்க மண் சரிந்து உயிர்கள் போயின. அதனால் படிகளுக்கு இடையே இருக்கும் கரையில் புல்லைப் பிடுங்கவே கூடாது. வெட்டிக் குட்டையாக வையுங்கள், வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

கிக்குயுவை மண்வெட்டியால் கொத்திப் போடுவது வீண் வேலை. கணுவுக்குக் கணு வேர் விடும் புல் அது. துண்டாக்கினால் ஒவ்வொரு துண்டும் தனியாகத் துளிர்க்கும். வெயில் கிடைக்காவிட்டால்தான் தளரும். ஆடியில் புல்லைத் தரையோடு அறுத்து, நன்றாக நனைத்து, மளிகைக்கடை அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரியுங்கள். பிளாஸ்டிக் டேப்பை உரித்துவிட வேண்டும். ஒரு அட்டை மேல் இன்னொன்று ஒரு சாண் ஏறியிருக்கட்டும், இடுக்கு கிடைத்தால் அதன் வழியே வந்துவிடும். மேலே சருகு, பழைய கோணி, காற்றுக்குப் பறக்காமல் கல். ஓரத்தில் ஒரு சாண் ஆழத்துக்குக் குறுகலாக வாய்க்கால் வெட்டி, கரையிலிருந்து உள்ளே நீளும் கொடிகளை வாராவாரம் நறுக்குங்கள். இதை விட்டால் மற்றதெல்லாம் வீண். தை பிறந்ததும் பிரித்தால் மண் பொலபொலவென்று இருக்கும். மிச்சமிருக்கும் வெள்ளை வேர்த்தண்டுகளை ஃபோர்க் போட்டு நெம்பி எடுத்து, பாறையில் மொறுமொறுவென்று காயவிடுங்கள். பச்சையாக உரக்குழியில் போட்டால் குழியே புல்காடாகிவிடும்.

உண்ணிச்செடிக்கு வேறு வழி. மேலாக வெட்டினால் முன்னைவிட அடர்த்தியாகத் தழைக்கும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபுவின் குழு காடுகளுக்காகச் சொன்ன முறை வீட்டுத் தோட்டத்துக்கும் பொருந்தும்: தூரைச் சுற்றி மண்ணை விலக்கி, தரைக்குக் கீழே 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் வேரை வெட்டி, தூரைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துவிடுவது. மழை விட்ட பின், மண்ணில் ஈரம் இருக்கும்போதே செய்தால் கை வலி குறைவு. முழுக்கைச் சட்டையும் கையுறையும் வேண்டும். தழையை மாட்டுக்கோ ஆட்டுக்கோ போடாதீர்கள், ஈரலைக் கெடுத்துவிடும்.

அப்புறம், புதருக்குள் சத்தமில்லாமல் நுழையாதீர்கள். நம் பக்கம் கரடியும் காட்டுமாடும் பகலிலேயே படுத்திருக்கும். வெயில் நன்றாக ஏறிய பிறகு போய், தள்ளி நின்று தகரத்தைத் தட்டிச் சற்றுப் பொறுத்திருந்து இறங்குங்கள். எந்தப் படியில் வேலை, எப்போது திரும்புவீர்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். மாலை நாலு மணிக்கு மேல் நான் அங்கே நிற்பதில்லை.

உண்ணிச்செடி எடுத்த இடத்தை மொட்டையாக விடக் கூடாது. அதற்கு எனக்குத் தெரிந்து மேரக்காய்தான் (சௌசௌ) சரி. முளைவிட்ட முழுக்காயைச் சித்திரை மழைக்கு ஊன்றி, பந்தல் போட்டு ஏற்றிவிட்டால், அடியில் நிழல் கட்டிக் களையை அடக்கும். அடுத்தடுத்த வருஷமும் தானே தழைக்கும். பந்தல்கால் நடுவது, பழைய மரத்தூர் பிடுங்குவது இவற்றுக்கு மட்டும் ஒரு நாள் கூலிக்கு ஆள் வையுங்கள். முதுகு பிடித்துக்கொண்டால் அந்தப் பருவமே போய்விடும்.

மீட்ட படியில் முதலில் பீன்ஸ் போடுங்கள், கேரட் பிறகு பார்க்கலாம். கேரட் முளைப்பு மெல்லியது, மிச்சப் புல்லோடு போட்டி போடாது. அந்தப் படியின் களை ஒரே காலையில் முடிகிற நிலை வந்தால், அடுத்த ஆடிக்குக் கீழ்ப் படிக்கு அட்டை சேர்க்கத் தொடங்குங்கள். முடியவில்லை என்றால் அங்கேயும் மேரக்காயை ஏற்றிவிடுங்கள்.