லினக்ஸுக்கு ஏற்ற வன்பொருளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

லினக்ஸ் நிறுவுவதற்காகக் கணினியோ உதிரிபாகமோ வாங்குபவர், பெட்டியின் மேலுள்ள பெயரைவிட உள்ளே இருக்கும் சில்லு எது என்பதையே முதலில் விசாரிக்க வேண்டும். டிபி-லிங்க்கின் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற யூஎஸ்பி வைஃபை அடாப்டரின் முதல் பதிப்பில் ஏதெரோஸ் ஏஆர்9271 சில்லு இருந்தது. அதற்கான இயக்கி (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) லினக்ஸின் மையப்பகுதியான கர்னலிலேயே இருப்பதால், செருகியவுடன் வேலை செய்தது. இரண்டாம் பதிப்பிலிருந்து உள்ளே இருப்பது ரியல்டெக் சில்லு. பெயர் மாறவில்லை என்பதால், பழைய பரிந்துரையை நம்பி வாங்கியவர்கள் தனி இயக்கியைத் தேடித் தொகுக்க வேண்டியதாயிற்று.

சில்லைக் கண்டறிவது கடினமன்று. நிறுவாமலேயே இயங்கும் லைவ் யூஎஸ்பியால் கணினியைத் தொடங்கி, முனையத்தில் (கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரம்) எல்எஸ்பிசிஐ கட்டளையை என்என்கே என்ற தெரிவோடு (lspci -nnk) இயக்கினால், பிசிஐ வழியாக இணைந்த ஒவ்வொரு சாதனத்துக்கும் எதிரே இரு பகுதிகள் கொண்ட ஓர் அடையாள எண் தெரியும். 8086:2725 என்று வந்தால், முற்பகுதி இன்டெல் நிறுவனத்தையும் (அதன் புகழ்பெற்ற 8086 செயலியின் எண்ணேதான்) பிற்பகுதி ஏஎக்ஸ்210 வைஃபை அட்டையையும் குறிக்கும். அதன் கீழே, பயன்பாட்டிலுள்ள இயக்கி ஐடபிள்யூஎல்வைஃபை என்ற வரியும் இருந்தால் கர்னல் அந்த அட்டையை ஏற்றுக்கொண்டது என்று பொருள். அந்த வரியே இல்லையென்றால், வாங்குவதற்கு முன் அந்த எண்ணை வைத்துத் தேடிப் பாருங்கள்.

இயக்கி எழுதப்பட்டிருந்தால் மட்டும் போதாது, நீங்கள் நிறுவப்போகும் வழங்கலின் (டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்பு) கர்னலில் அது இருக்கவும் வேண்டும். ஏஎக்ஸ்210-க்குக் கர்னல் 5.10 தேவை, 4.19 கர்னலுடன் வந்த டெபியன் 10-இல் அது இயங்காது, டெபியன் 11-இல் இயங்கும். ஆகவே, புத்தம்புதிய வன்பொருளை வாங்குபவர் புதிய கர்னல் தரும் வழங்கலைத் தேர்வதும், நிதானமான வழங்கலை விரும்புபவர் சந்தைக்கு வந்து ஓராண்டேனும் ஆன வன்பொருளை வாங்குவதும் நல்லது. பல சில்லுகளுக்கு இயக்கியோடு, சில்லுக்குள்ளேயே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் கோப்பும் வேண்டும். 2023-இல் வந்த டெபியன் 12 முதல் அது நிறுவியுடனேயே வருவது பெரிய நிம்மதி.

கிராஃபிக்ஸ் அட்டையில் என் பரிந்துரை ஏஎம்டி அல்லது இன்டெல். இவற்றின் இயக்கிகள் கர்னலிலும், மெசா என்ற கிராஃபிக்ஸ் மென்பொருள் தொகுப்பிலும் திறந்த மூலமாகவே உள்ளன. என்விடியா 2022-இல் டூரிங் தலைமுறை முதலான அட்டைகளுக்குக் கர்னல் பகுதியைத் திறந்தாலும், அதன் மேலடுக்கு இன்னும் மூடியே இருக்கிறது. என்விடியா அட்டைகளில் கணக்கீடு செய்ய உதவும் ‘கூடா’ (CUDA) மென்பொருள் கட்டாயம் தேவைப்படுபவர்கள் மட்டும் அதை ஏற்கலாம்.

அச்சுப்பொறிக்கு ஏர்பிரிண்ட் (ஆப்பிளின் இயக்கியில்லா அச்சு முறை) வசதி இருந்தால் பெரும்பாலும் தனி இயக்கி தேவைப்படாது. கைரேகை உணரிக்கு லிப்எஃப்பிரிண்ட் திட்டத்தின் ஆதரவுப் பட்டியலைப் பாருங்கள்.

மடிக்கணினி என்றால், திருப்பித் தரும் காலக்கெடு முடிவதற்குள் மூடியை ஒருமுறை மூடி, சில நிமிடம் கழித்துத் திறந்து, திரை, வைஃபை, ஒலி மூன்றும் மீண்டும் உயிர்பெறுகின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.