பழைய விமானத்தளத்தில் பில்பாக்ஸ் தேடுவது எப்படி?

இங்கிலாந்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமானத்தளத்துக்குப் போகிறவர்கள் நேரே ஓடுபாதையைத் தேடுவார்கள். என்னைக் கேட்டால் ஓரத்துக்குப் போங்கள். ஓடுபாதைகள் பலவற்றைப் பெயர்த்து ஜல்லியாக்கிவிட்டார்கள். பில்பாக்ஸ் என்றால் உள்ளிருந்து சுடுவதற்காகக் காவலுக்குக் கட்டிய சிறிய கான்கிரீட் அரண். அதை உடைப்பது பெரிய வேலை என்று பல இடங்களில் விட்டுவைத்திருக்கிறார்கள்.

முதல் வேலை வீட்டிலேயே. வான்படத்தில், தளத்தைச் சுற்றி ஓடும் சுற்றுப்பாதையை ஒட்டிய வயல்களைப் பாருங்கள். உழுத நிலத்தின் நடுவே ஏர் தொடாத புதர்த் திட்டு இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள், உள்ளே பில்பாக்ஸ் ஒளிந்திருக்கலாம். சிலது வெறும் குட்டையாக இருக்கும், பரவாயில்லை. பொதுவழி இல்லாத இடமென்றால் பண்ணைக்காரரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். குளிர்காலம்தான் தோது, காஞ்சொறி அடங்கியிருக்கும்.

கண்டுபிடித்ததும் உள்ளே பாயாதீர்கள். சுடுதுளைகள், அதாவது துப்பாக்கி நீட்டிச் சுடும் துளைகள், எந்தப் பக்கம் பார்க்கின்றன? கடற்கரையில் கட்டியவை எதிரி வரும் திசையைப் பார்க்கும். இங்கேயோ சில, தளத்துக்கே முகம் காட்டி நிற்கும்! 1940-இல் பாராசூட் படை நேராக ஓடுபாதையிலேயே இறங்கிவிடும் என்ற பயம். வீண் பயமில்லை, 1941 மே மாதம் கிரீட் தீவின் மாலெமே தளம் வான்வழி வந்த ஜெர்மானியர் கையில் விழுந்தது. 1942 பிப்ரவரியில் தளக் காவலுக்கென்றே பிரிட்டிஷ் விமானப்படையின் ஆர்.ஏ.எஃப். ரெஜிமெண்ட் உருவானது.

அப்புறம் சுடுதுளைக்குள் கையை நீட்டுங்கள். சுவரின் தடிமன் சுமார் 30 செ.மீ. என்றால் துப்பாக்கிக் குண்டுக்கு மட்டும் தாங்கும். ஒரு மீட்டர் என்றால் பீரங்கிக் குண்டுக்கும். சுவரைத் தடவிப் பாருங்கள்: பலகை அடைத்து வார்த்ததென்றால் மரத்தின் ரேகை கான்கிரீட்டில் அப்படியே பதிந்திருக்கும். வெளியே செங்கல் தெரிந்தால் ஏமாற வேண்டாம், செங்கல்லையே அச்சாக நிறுத்தி உள்ளே கான்கிரீட் ஊற்றியிருப்பார்கள்.

ஓடுபாதை அருகே புல்லுக்குள் வட்டக் கான்கிரீட் மூடி கண்ணில் பட்டால் உங்களுக்கு அதிர்ஷ்டம்: பிக்கெட்-ஹாமில்டன் அரண். விமானம் ஓடும்போது தரைமட்டத்தில் கிடக்கும், தாக்குதல் என்றால் அழுத்தக் காற்றில் மேலே எழும்பும். யோசனை என்னவோ அபாரம். உள்ளே தண்ணீர் தேங்கியதுதான் மிச்சம். மூடியைத் திறந்து இறங்காதீர்கள். தளக் காவலை இயக்கிய, பூமிக்கடியில் இருக்கும் போர்த் தலைமையகங்களுக்கும் இதே எச்சரிக்கைதான். வௌவால் தங்கியிருந்தால் சத்தமில்லாமல் வெளியே வந்துவிடுங்கள். இங்கிலாந்தில் அதைத் தொந்தரவு செய்வது சட்டப்படி குற்றம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் லண்டனுக்குத் தெற்கே கென்லிக்குப் போகலாம். போர் விமானங்களைக் குண்டுவீச்சிலிருந்து காக்கக் கட்டிய, ஆங்கில ‘ஈ’ எழுத்து வடிவத் தடுப்புகள் அங்கே நன்றாகவே மிஞ்சியிருக்கின்றன. சுற்றி நடக்கலாம், ஆனால் கிளைடர்கள் பறக்கும் இடம், ஓடுபாதையில் கால் வைக்காதீர்கள்.