மாணிக்கமா, ஸ்பைனலா? இரு சிவப்புக் கற்களைப் பிரித்தறியும் முறை

பிரிட்டன் அரச மகுடத்தின் முன்புறத்தில் பதிக்கப்பட்டுள்ள பெரிய சிவப்புக் கல்லுக்கு இன்றும் ‘கறுப்பு இளவரசரின் மாணிக்கம்’ என்றே பெயர். ஆனால் அது மாணிக்கம் அன்று, ஸ்பைனல் என்னும் வேறொரு கனிமம். இரண்டுக்கும் சிவப்பைத் தருவது குரோமியம் என்னும் ஒரே தனிமம்தான். மியன்மாரின் மோகோக்கிலும், இலங்கை இரத்தினபுரியில் ‘இல்லம்’ எனப்படும் சரளைப் படிவிலும் இரண்டும் கலந்தே கிடைக்கின்றன. ஆகவே நிறத்தைப் பார்த்து முடிவுகட்டும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே கைவிட வேண்டும்.

மாணிக்கம் என்பது அலுமினியம் ஆக்சைடாகிய குருந்தம். அதன் படிகம் முக்கோணத் தொகுதியைச் சேர்ந்தது. ஸ்பைனல் மக்னீசியமும் அலுமினியமும் சேர்ந்த ஆக்சைடு. அதன் படிகம் கனசதுரத் தொகுதி. கனசதுரப் படிகத்துக்குள் ஒளி எத்திசையில் சென்றாலும் ஒரே வேகத்தில் செல்லும். மாணிக்கத்துக்குள்ளோ, ஒரே ஒரு திசையைத் தவிர மற்றெல்லாத் திசைகளிலும் இரண்டாகப் பிரியும். கீழே வரும் முக்கியமான சோதனைகள் இரண்டும் இந்த வேறுபாட்டையே பயன்படுத்துகின்றன.

முதல் படி: கல்லை மென்துணியால் நன்கு துடைத்துவிட்டு டைக்ரோஸ்கோப் (இரண்டாகப் பிரிந்த ஒளியின் நிறங்களைத் தனித்தனியே காட்டும் சிறு கருவி) வழியாகப் பாருங்கள். வெள்ளொளியைக் கல்லின் பின்னாலிருந்து செலுத்தினால், கருவியில் இரண்டு சிறு சதுரங்கள் பக்கம் பக்கமாகத் தெரியும். ஒன்று ஊதா கலந்த சிவப்பாகவும் மற்றொன்று ஆரஞ்சு சாயல் கொண்ட சிவப்பாகவும் இருந்தால் அது ஸ்பைனலாக இருக்க முடியாது. ஆனால் இரண்டும் ஒரே நிறமாகத் தெரிந்தவுடன் ஸ்பைனல் என்று எழுதிவிடாதீர்கள். மேலே சொன்ன அந்த ஒரே திசையில் பார்த்தால் மாணிக்கமும் ஒரே நிறத்தையே காட்டும். நல்ல நிறம் மேலே தெரிய வேண்டும் என்பதற்காகப் பட்டை தீட்டுபவர்கள் பெரும்பாலும் அந்தத் திசையையே கல்லின் மேல்தளத்துக்குச் செங்குத்தாக வைக்கிறார்கள். ஆகவே மேலிருந்தும், பக்கவாட்டிலும், சாய்த்தும் குறைந்தது மூன்று திசைகளில் பார்ப்பது அவசியம்.

இரண்டாம் படி: ஒளி கல்லுக்குள் எவ்வளவு வளைகிறது என்பதைக் குறிக்கும் ஒளிவிலகல் எண்ணை அளக்கும் கருவி ரிஃப்ராக்டோமீட்டர். அதன் கண்ணாடி மீது, கல்லுக்கும் கண்ணாடிக்கும் இடையே காற்று புகாமல் தடுக்கும் தொடுதிரவம் ஒரு சிறு துளி இட்டு, கல்லின் மேல்தளத்தை அத்துளியின்மேல் வையுங்கள். மஞ்சள் ஒற்றைநிற ஒளியில் படித்தால் கோடு தெளிவாக விழும். ஸ்பைனல் ஏறத்தாழ 1.718இல் ஒரே கோட்டைக் காட்டும். கல்லைத் திருப்பினாலும் அது நகராது. மாணிக்கத்தில் 1.770இல் ஒரு கோடு அசையாமல் நிற்க, மற்றொன்று 1.762 வரை இறங்கி ஏறும். இடைவெளி வெறும் 0.008 என்பதால், கண்முன் போலராய்டு தகட்டைச் சுழற்றியபடி படித்தால்தான் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். என் பார்வையில், ஒரு கருவிக்கு மட்டுமே பணம் இருக்கும் தொடக்கநிலையாளர் வாங்க வேண்டியது ரிஃப்ராக்டோமீட்டர்தான். ஏனெனில், ஸ்பைனலைப் போலவே ஒளியை இரண்டாகப் பிரிக்காத கார்னெட் என்னும் மற்றொரு சிவப்புக் கல்லை டைக்ரோஸ்கோப்பால் ஸ்பைனலிலிருந்து பிரிக்க இயலாது.

மூன்றாம் படி, நகையில் பதிக்காத கல்லுக்கு மட்டும் உரியது. காற்றில் உள்ள எடையை, நீரில் மூழ்கும்போது குறையும் எடையால் வகுத்தால் ஒப்படர்த்தி, அதாவது கல் நீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தியானது என்பது, கிடைக்கும். 2.00 காரட் மாணிக்கம் நீரில் 0.50 காரட் குறையும், விடை 4.00. அதே எடையுள்ள ஸ்பைனல் ஏறத்தாழ 0.56 காரட் குறையும், விடை 3.60 அளவில் வரும். கல்லில் ஒட்டிய காற்றுக் குமிழியைத் தூரிகையால் நீக்காவிட்டால் கணக்கு தவறிவிடும்.

கடினத்தன்மை மோஸ் அளவில் மாணிக்கத்துக்கு 9, ஸ்பைனலுக்கு 8. ஆயினும் தீட்டிய கல்லைக் கீறிச் சோதிக்கவே கூடாது, கல் பாழாகும்.

கடைசியாக, 10 மடங்கு லென்ஸில் உட்புறத்தைப் பாருங்கள். மாணிக்கத்தில் ‘பட்டு’ எனப்படும் ரூட்டைல் என்னும் கனிமத்தின் நுண்ணிய ஊசிகள் 60 பாகைக் கோணத்தில் குறுக்கிடுவதைக் காணலாம். ஸ்பைனலில் மிகச் சிறிய எண்முகப் படிகங்கள் வரிசையாக நிற்பதுண்டு. மாணிக்கத்தின் எண்கள் அனைத்தும் சரியாக வந்தாலும் இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள்: ஆய்வகத்தில் உருவாக்கிய மாணிக்கமும் அதே எண்களையே தரும்; தீச்சுடர் முறையில், அதாவது பொடியைச் சுடரில் உருக்கி, வளர்த்த கல்லை அதனுள்ளே தெரியும் வளைந்த வளர்ச்சிக் கோடுகளே காட்டிக்கொடுக்கும்.