பிள்ளையைப் பறிகொடுத்த வீட்ல வயசான அப்பா அம்மாவையும் பாத்துக்கறது எப்படி

மொதல்ல மாத்திரை கணக்கை மண்டையிலேந்து எறக்கிடுங்க, துக்கத்துல காலைல குடுத்தோமா இல்லையான்னே ஞாபகம் இருக்காது, ஞாயித்துக்கெழமையே வாரம் முழுக்க டப்பால பிரிச்சு வச்சிடுங்க, சுகர் பிரஷர் மாத்திரைன்னா மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து குடுப்பாங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க.

அம்மாவுக்கு மறதி நோய் இருந்து "பேரன் எங்கடா"ன்னு கேட்டுட்டே இருந்தா ஒவ்வொரு தடவையும் சாவை சொல்லணும்னு இல்ல, அவன் பண்ண சேட்டையைப் பத்தி பேச்சை எடுங்க (தொண்டை அடைக்கும்தான்). நல்லா நெனவோட இருக்கறவங்ககிட்ட மறைக்காதீங்க, சேந்தே அழுங்க.

திதி வர்ற வாரம் செக்கப் வைக்காதீங்க, "ஏதாச்சும் வேணுமா"ன்னு சும்மா கேக்கற சொந்தக்காரங்ககிட்ட அப்பாவை ஆஸ்பத்திரி கூட்டிட்டுப் போற வேலையை நேரா குடுத்துடுங்க. ராத்திரி தாங்கலைன்னா 14416க்கு போன் போடுங்க, டெலி மனஸ்ங்கற அரசு மனநல உதவி எண், காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம்.